மாஸ்டரின் வலது கை

மாஸ்டரின் வலது கை நன்றாகத் தேறி வருகிறது என்று மருத்துவமனை நம்பியது. பிசியோ மேடம் நம்பினாள். மாஸ்டர் மனைவியின் தங்கை நம்பியதோடு நிற்காமல், தான் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டாள். நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாஸ்டர், இன்னொருத்தி அவர் மனைவி. இத்தனை பாராட்டு வாங்கிய அந்தக் கையோ, நாற்காலியின் கைப்பிடிக்கும் தலையணைக்கும் நடுவே விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் காலுக்குத் தன் மூளையைக் கடன் கொடுத்துப் பிழைத்தவர். நாலரை மாதத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, "இடது பக்கம் ஒடி" என்று சொல்ல வேண்டியவர் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஏதோ சொன்னார். மாஸ்டர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவர் கதவுப் பக்கம் சரிந்துவிட்டார்.

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. கால் மட்டும் பாதி திரும்பியது. கோலை ஊன்றிக்கொண்டு கழிப்பறை வரை போய்வருவார். பேச்சில் 'சரி', 'இல்ல', 'அது' என்று மூன்று சொல் மிஞ்சியது. ஊரையே அதட்டி வண்டி ஓட்டவைத்த வாய்க்கு மூன்றே சொல்.

வீட்டுக்கு அனுப்பிய நாளன்று பெரிய டாக்டர் மாஸ்டரின் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "முதல் ஆறு மாசம்தான்மா முக்கியம். திரும்பி வர்றது எல்லாம் அதுக்குள்ள வந்துடணும். அதுக்கப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் கொஞ்சம்தான் வரும்." அன்றிலிருந்து அவள் நாள்காட்டியில் தினமும் ஒரு நாளை அடித்துக்கொண்டே வந்தாள்.

பயிற்சிக்காக மருத்துவமனை அவர்கள் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தது. கூடவே மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. பட்டையைக் கட்டிக்கொண்டு கையைத் தூக்கினால், நீட்டினால், திருப்பினால் கைபேசியிலிருந்து ஒரு பெண் குரல் எண்ணும். காலையில் நாற்பது தடவை, மாலையில் நாற்பது தடவை. அதன் பிறகு திரையில் படம் காட்டும்; இது நாற்காலி, இது கத்தரிக்கோல் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தால் திரையில் ஒரு பச்சை வட்டம் வரும். மதிப்பெண் தானாகவே மருத்துவமனைக்குப் போய்விடும். வாரத்தில் மூன்று வேளை தவறவிட்டால் இடம் போய்விடும், அடுத்து அறுபது பேர் காத்திருக்கிறார்கள் என்று கையெழுத்து வாங்கும்போதே எச்சரித்தார்கள்.

குரல் என்னவோ தேன் மாதிரி இருந்தது. என்ன திட்டினாலும் கோபப்படாத அந்தக் குரலுக்கு அவள்தான் மகராசி என்று பேர் வைத்தாள்.

பதினொரு நாள் மாஸ்டர் ஒழுங்காகச் செய்தார். செய்தார் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு தோளை உலுக்குவார். கை ஒரு விரற்கடை எழும்பும். முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். ஆறு எண்ணுவதற்குள் அரை மணி ஆகிவிடும். "நீங்கள் இன்னும் முயற்சி செய்யலாம்" என்பாள் மகராசி. மாஸ்டருக்கு அடுத்தவரை அதட்டித்தான் பழக்கமே தவிர, தான் அதட்டு வாங்கிப் பழக்கமில்லை. பன்னிரண்டாம் நாள் இடது கையால் பட்டையைப் பிய்த்து எடுத்துச் சுவரில் விட்டெறிந்தார். அன்று மாலையும் செய்யவில்லை. மறுநாள் காலை பட்டையை எடுத்துக்கொண்டு போனவளைப் பார்த்து "இல்ல" என்றார். அந்த 'இல்ல' சுவர் மாதிரி இருந்தது.

அது மூன்றாவது வேளை.

அவள் ஒரு சலவை நிலையத்தில் சட்டை தேய்க்கிற வேலையில் இருந்தாள். மாஸ்டர் விழுந்த பிறகு அரை நாள் அங்கே போவாள், மீதித் துணியை வீட்டுக்கு எடுத்துவந்து தேய்ப்பாள். அன்று தேய்ப்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு பட்டையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தன் வலது மணிக்கட்டில் அதைக் கட்டிக்கொண்டாள். கை நீண்டது, மடங்கியது, திரும்பியது. மகராசி வரிசையாக எண்ண ஆரம்பித்தாள். ஆறு, ஏழு, எட்டு. எட்டில் அவள் கையை நிறுத்திக்கொண்டாள். முந்தாநாள் வரை ஆறு எண்ணியவர் இன்று நாற்பது எண்ணினால் எந்த முட்டாளும் சந்தேகப்படுவான் அல்லவா. இஸ்திரிப் பெட்டியின் சூட்டை எப்போது எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிந்தவளுக்கு இது பெரிய காரியமில்லை.

நாற்காலியிலிருந்து மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. உண்மையில், விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். பயிற்சிக் காரில் மாஸ்டர் இருக்கைக்கு அடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அவர் அழுத்திக் காப்பாற்றுவார். சோதனை நாளன்றும் சில பேருக்கு, அதிகாரி கண்ணில் படாமல், நைசாகக் காலை வைத்து உதவியிருக்கிறார். வெளியே வந்து அவர்கள் கும்பிடும்போது, "நீதான் ஓட்டின, நான் சும்மா உக்காந்திருந்தேன்" என்பார். அப்படி உரிமம் வாங்கியவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதே பிரேக்கை இப்போது மனைவி அழுத்துகிறாள், அவ்வளவுதான். தப்பு என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வாரம்தாங்க. உங்க கோபம் ஆறுற வரைக்கும். அப்புறம் நீங்களே செய்யணும்" என்றாள்.

"சரி" என்றார் மாஸ்டர்.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. படங்களுக்குப் பேர் சொல்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, ஆம்பளைக் குரலில் "நாற்... காலி" என்று இழுப்பாள். "உச்சரிப்பில் நல்ல முன்னேற்றம், ஐயா" என்பாள் மகராசி. மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு வேறு எதற்கும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வட்டம் நாளுக்கு நாள் பச்சையாயிற்று. ஒரு கட்டத்துக்கு மேல் நடிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. காலையில் கட்டிய பட்டையை வேலைக் கோட்டின் கைக்குள் மறைத்து, சலவை நிலையத்திலும் கழற்றாமல் தன் பாட்டுக்குச் சட்டை தேய்த்தாள், எண்ணிக்கை தானாக ஏறியது.

ஆரம்பத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்த பிசியோ மேடம், பிறகு கைபேசியில் மட்டும் கூப்பிட்டாள். சின்னப் பெண், வேகமாகப் பேசுவாள்.

"ஐயாவோட கிராஃப்தான்மா எங்க மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டுறேன். இவ்ளோ அழகா யாருக்கும் ஏறினதில்ல."

"அப்படியா மேடம்."

"மார்க் குறைவா இருக்கிறவங்க வீட்டுக்குத்தான் நான் வாரத்துக்கு ரெண்டு நாள் நேர்ல போய் கையப் பிடிச்சுச் செய்ய வெப்பேன். உங்களுக்கு அது தேவையே படல."

அவள் கைபேசியை வைத்தாள். குறைந்த மதிப்பெண் வாங்கினால் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்களாம். இவர்கள் அதைப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, தோற்கக் கூடாது என்று கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அவர் உள்ளங்கையைக் கழுவுவதற்காக மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அவை முன்பைவிட அதிகமாக முரண்டுபிடித்தன. நடுவிரல் நகம் உள்ளங்கையில் ஒரு பிறை போட்டிருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி திடீரென்று மதிப்பெண்ணைக் குறைத்தால் என்ன ஆகும், கேட்டால் என்ன சொல்வது, இடத்தைப் பிடுங்கிவிட்டால் எங்கே போவது. திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வந்து போயிற்று.

சலவை நிலையத்தில் ஒரு நாள் வெள்ளைச் சட்டை ஒன்றின் கழுத்துப் பட்டியைக் கருக்கிவிட்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் கருக்கிய முதல் சட்டை அதுதான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கச் சொல்லி மூளை சொல்லியது, கை கேட்கவில்லை. கை மரத்துப்போனது போல இருந்தது. மேற்பார்வைக்காரி ஓடிவந்து பெட்டியை எடுத்து நிமிர்த்தினாள்.

"தூங்கினியா இல்லையா? கண்ணெல்லாம் எங்கயோ இருக்கு."

"இல்லக்கா, கை பிடிச்சுக்கிச்சு."

ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள், ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு பேர் வேலையை ஒரு கை செய்தால் பிடித்துக்கொள்ளாதா என்று தன்னையே கேலி பண்ணிக்கொண்டாள். சட்டைக்காரரிடம் மேற்பார்வைக்காரி என்ன சமாதானம் சொன்னாளோ தெரியாது.

நான்கு நாள் கழித்து வீட்டில், டீயை எடுத்து மாஸ்டரிடம் நீட்டும்போது டம்ளர் கையை விட்டு நழுவியது. அவள் நழுவவிடவில்லை, விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. அன்று மாலைப் பயிற்சி முடிந்ததும் மகராசி சொன்னாள்: "இன்று உங்கள் வேகம் குறைந்துள்ளது. ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்."

"பாருங்க, நடிச்சப்ப எல்லாம் கண்டுபிடிக்கல. நடிக்காதப்ப கண்டுபிடிக்கிறா" என்று அவள் சிரித்தாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை, வாய்ப் பக்கம் என்று பட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரு விநோதம் நடந்தது. அவள் பட்டையை எடுத்ததும் மாஸ்டர் இடது கையை நீட்டினார். "அது" என்றார். பட்டையைக் காட்டித் தன் செத்த மணிக்கட்டைக் காட்டினார். மறுபடியும் "அது, அது" என்றார். நெற்றி நரம்பு புடைக்க, தோளை உலுக்கி, கையை ஒரு விரற்கடை தூக்கியும் காட்டினார். மூன்று மாதம் முன்னால் இதே காரியத்தைச் செய்திருந்தால் அவள் அவர் காலில் விழுந்திருப்பாள்.

"இப்ப வேண்டாங்க" என்றாள். "தொண்ணூறுல இருக்கு. நீங்க செஞ்சா ஒரேயடியா விழுந்துடும், சந்தேகப்படுவாங்க. ஸ்கோரைக் கெடுத்துடாதீங்க."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. மாஸ்டர் கையை மெதுவாகத் தலையணைமேல் வைத்தார். அவள் பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தேய்ப்பு மேசைக்குப் போனாள். வேறு வழி தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவளும் நல்ல மனுஷிதான்.

அடுத்த ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு தடவை கை மரத்தது. இரண்டு தடவையும் பத்து நிமிடத்துக்குள் சரியாயிற்று. தங்கையிடம் பேசும்போது கத்தரிக்கோல் என்ற சொல் வராமல், "அந்த வெட்டுறது" என்றாள். "உனக்கும் மாமா வியாதி தொத்திக்கிச்சாக்கா" என்று தங்கை சிரித்தாள். அவளும் கூடச் சிரித்துவைத்தாள்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. பழக்கத்தில் வேலைக் கோட்டை மாட்டி, ஒன்பது மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். முப்பதைத் தாண்டவே முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். வலது தோளிலிருந்து கீழே யாருடைய கையோ தொங்குவது போல இருந்தது. இந்தத் தடவை ஐந்து நிமிடத்திலும் சரியாகவில்லை, பத்து நிமிடத்திலும் சரியாகவில்லை. பதினொன்றேகாலுக்குக் கைபேசி அடித்தது.

பிசியோ மேடம். வழக்கமான வேகம் இல்லை, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசினாள்.

"அம்மா, பயப்படாம கேளுங்க. ஐயா இப்ப எங்க இருக்கார்?"

"இங்கதான் மேடம். நாற்காலில."

"போன பன்னெண்டு நாள்ல நாலு தடவை அவர் வலது கை திடீர்னு தளர்ந்து, கொஞ்ச நேரத்துல சரியாகியிருக்கு. பட்டையில தெளிவா பதிவாகியிருக்கு. நேத்துதான் எங்க டாக்டர் பார்த்தார். இன்னைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மறுபடி தளர்ந்தது. இன்னும் திரும்பல. இது சாதாரணமில்லம்மா. இன்னொரு அடைப்பு வருது. வந்துட்டிருக்கு."

 அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, மாட்டிக்கொண்டோம் என்பதுதான். அதை மறைத்து என்ன பயன், அப்படித்தான் நினைத்தாள். கருகிய சட்டையும் நழுவிய டம்ளரும் பிறகுதான் வந்தன. வந்தும், அவற்றை அவள் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"வீடியோவை ஆன் பண்ணி ஐயாகிட்ட காட்டுங்க."

காட்டினாள். மேடம் திரையிலிருந்து, "ஐயா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றாள். இடது கை எழுந்தது. வலது கை கிடந்தது.

"நேத்து சாயங்காலம்கூட தொண்ணூறு டிகிரி தூக்கினாரேம்மா" என்றாள் மேடம். "ஐயா, இது என்னன்னு சொல்லுங்க. பேனா. சொல்லுங்க."

"அது" என்றார் மாஸ்டர். "இல்ல. அது. இல்ல."

"பேச்சும் போச்சு. நான் ஆம்புலன்ஸ் அனுப்புறேன். ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா காப்பாத்திடலாம். பட்டையைக் கழட்டாதீங்க. நான் இங்கேருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

படம் அணைந்தது. பட்டை அவளுடைய வேலைக் கோட்டின் முழுக்கைக்குள் இருந்தது.

இங்கேதான் அவள் அதைச் செய்தாள். அதை எழுதுவதற்கு எனக்கே கை வரவில்லை. ஆள் வருவதற்குள் பட்டை அவர் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அழைத்துப்போகட்டும், ஒருவிதத்தில் நல்லதுதான், நிஜமான டாக்டர் நிஜமான கையைப் பார்ப்பார், கெட்டதிலும் ஒரு நல்லது என்று கணக்குப் போட்டாள். இடது கையால் பட்டையைக் கழற்றினாள். அவர் மணிக்கட்டில் சுற்றிக் கொக்கியை மாட்டப் போனபோது வலது கை விரல்கள் குவியவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கடைசியில் குனிந்து ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் மாட்டினாள்.

நிமிர்ந்தபோது மாஸ்டரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் இடது கை வந்து அவளுடைய வலது கையைத் தூக்கியது, விட்டது. அது தொப்பென்று அவள் மடியில் விழுந்தது. மறுபடியும் தூக்கினார், விட்டார். மறுபடியும் விழுந்தது. இருபத்தாறு வருடம் அடுத்தவர் கை நடுக்கத்தைப் பார்த்தே வண்டி எங்கே போய் மோதும் என்று சொன்ன மனிதர் அவர்.

அவர் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பன்னிரண்டு நாள். நான்கு தடவை. அது யாருடைய கை என்று. ஒன்பது மணியிலிருந்து யாருடைய நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினாள். இந்தத் தடவை திங்கட்கிழமைக்குத் தள்ளவில்லை. இடம் போனால் போகட்டும், அறுபது பேரில் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். கைபேசியை எடுக்க எழுந்தாள். வலது கால் மடங்கியது. சோபாவில் சரிந்து உட்கார்ந்தாள். அதற்குள் கதவு திறந்தேதான் இருந்ததால் ஆம்புலன்ஸ் நர்ஸும் இன்னொரு ஆளும் சக்கர நாற்காலியோடு உள்ளே வந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் வந்தார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

நர்ஸ் காதில் இயர்போனை மாட்டி மேடத்தோடு பேசிக்கொண்டே வேலை பார்த்தாள்.

"பட்டை இருக்கு மேடம், வலது கையில. இப்ப அசைவே காட்டலையா? ஆமா, கை சுத்தமா கிடக்கு. விரல்லாம்கூட மடங்கிப் போயிருக்கு."

"அது" என்றார் மாஸ்டர். இடது கையை நீட்டி மனைவியைக் காட்டினார். "அது. அது. அது."

"ஆமா ஐயா, அம்மா இங்கதான் இருக்காங்க. எங்கயும் போயிடல" என்று நர்ஸ் அன்பாகச் சொன்னாள். பிறகு இயர்போனில், "எண்பது வார்த்தை சொல்றார்னு ரிப்போர்ட்ல இருக்கு மேடம், இப்ப ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றார். ரொம்பக் குழப்பத்துல இருக்கார்" என்றாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். இரண்டே சொல் போதும். 'அவ கை.' தினமும் அரை மணி, மூன்று மாதம், நாற்காலி, கத்தரிக்கோல் என்று அவரே தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பழகியிருந்தால், அந்த இரண்டு சொல் இன்று வந்திருக்குமோ என்னவோ. வாய் கோணியது, எச்சில் வழிந்தது, கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "அது" என்றுதான் வந்தது. அவர் எவ்வளவு பாடுபட்டாரோ அவ்வளவுக்கு அவர்கள் அவசரப்பட்டார்கள்.

அவள் சோபாவிலிருந்து பேசினாள். பட்டையைக் கட்டியிருந்தது நான்தான், தளர்ந்தது என் கை என்று வாக்கியம் மனசில் அப்படியே மடித்து அடுக்கியது போல இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்து சொன்னாள்.

"அது" என்றாள். "அது... அது."

தன் வாயிலிருந்து அவருடைய சொல் வருவதைக் கேட்டு அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதறாதீங்கம்மா" என்று நர்ஸ் அவள் தோளைத் தட்டினாள். "கரெக்டான நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க, ஐயாவுக்கு ஒண்ணும் ஆகாது. பாவம், பயத்துல பேச்சே வரல இவங்களுக்கு. லிஃப்ட்ல எல்லாருக்கும் இடம் பத்தாது, நீங்க கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கிட்டு பழைய மருந்துச் சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. உங்க தங்கச்சிக்கு மேடம் போன் பண்ணிட்டாங்க. ஒன்றரை மணி நேரத்துல வந்து கூட்டிட்டு வருவாங்க." ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவள் வலது கைப் பக்கமாக வைத்துவிட்டும் போனாள்.

வாசலில் மாஸ்டர் கதவு நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. "இல்ல" என்று அலறினார். அந்த ஆள், "ஐயா, விடுங்க ஐயா, உங்க நல்லதுக்குத்தான்" என்று கெஞ்சியபடி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். "இந்தக் கையில என்ன பலம் பாருங்க" என்று நர்ஸிடம் சொன்னான். லிஃப்ட் கதவு மூடியது. அவர் குரல் ஒவ்வொரு தளமாக இறங்கிக்கொண்டே போயிற்று.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது. ஒன்பதோடு நாலரையைக் கூட்டிப் பார்த்தாள். ஒன்றரைக்கு முடியும், தங்கை வரவே ஒன்று இருபது ஆகிவிடும். கணக்கு சரியாகவே வந்தது, அது மட்டும் எங்கும் போகவில்லை. எழுந்திரு என்று காலுக்குச் சொன்னாள். கீழே தெருவில் சைரன் கிளம்பி, முனை திரும்பி, சத்தம் தேய்ந்தது. அவரைக் காப்பாற்றத்தான் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.